ஊசியை நிறுத்திய பிறகு

செமாகுளுடைடு என்ற ஊசி உடல் எடையைக் குறைக்கும் என்பதை உலகுக்குக் காட்டிய ஆய்வு 2021இல் வெளியானது. 1,961 பேர், 68 வாரங்கள், வாரம் ஓர் ஊசி. மருந்து போட்டுக்கொண்டவர்கள் சராசரியாகத் தங்கள் எடையில் 14.9 சதவீதத்தை இழந்தார்கள். மருந்தில்லாத வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்கள் இழந்தது 2.4 சதவீதம். இந்த எண்களை நாளிதழ்களும் யூடியூப் காணொளிகளும் ஓயாமல் சொல்லிவிட்டன. அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2022இல் வந்த இன்னொரு கட்டுரையை அவ்வளவு பேர் படித்ததாகத் தெரியவில்லை. பங்கேற்றவர்களில் 327 பேரை, ஊசியையும் அதோடு இருந்த உணவு, உடற்பயிற்சி ஆலோசனையையும் நிறுத்திவிட்டு, மேலும் ஓராண்டு கவனித்தார்கள். ஊசியால் சராசரியாக 17.3 சதவீதம் எடை இழந்திருந்தவர்களுக்கு அதில் 11.6 சதவீதப் புள்ளிகள் திரும்பி வந்துவிட்டன. கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. குறைந்திருந்த ரத்த அழுத்தமும் பழைய இடத்தை நோக்கி ஏறியது.

எடை குறைப்பு சிகிச்சை பற்றி யோசிக்கிற யாரும் முதல் கட்டுரையைவிட இந்த இரண்டாவதைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. உடல் பருமன் எப்படிப்பட்ட நோய், அதற்கு மருத்துவர் எதற்கு, மருந்துச் சீட்டில் எழுதப்படும் ஒரு பெயர் எந்த அளவுக்குப் போதும் என்ற கேள்விகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இந்தக் கேள்விகளுக்கு இப்போது அவசரம் கூடியிருக்கிறது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அளவுக்கு மீறிய எடை கொண்டவர்கள். அதற்கு முந்தைய ஆய்வில் இது 30.9, 28.2 என்று இருந்தது. இன்னொரு பக்கம், செமாகுளுடைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான். பணக்காரர்களின் மருந்தாக வந்தது, உள்ளூர் நிறுவனங்களின் தயாரிப்பாக மருந்துக் கடை அலமாரிக்கு வருகிற காலம் இது.

எடை ஏன் திரும்பி வருகிறது? மன உறுதி போதாது என்பதுதான் வீட்டிலும் வெளியிலும் நாம் கேட்டுப் பழகிய பதில். அந்தப் பதில் தவறு என்பதற்கான சான்று கிடைத்து எண்பது ஆண்டுகள் ஆகின்றன. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், கால்பந்து மைதானத்தின் பார்வையாளர் அரங்கிற்குக் கீழே இருந்த ஆய்வகத்தில், ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 36 இளைஞர்களைத் தங்கவைத்தார். போரில் ஆயுதம் ஏந்த மனசாட்சி இடம் கொடுக்காததால் வேறு வகையில் தொண்டு செய்ய முன்வந்தவர்கள் அவர்கள். போர் முடிந்ததும் ஐரோப்பாவில் பட்டினி கிடந்தவர்களுக்கு எப்படி உணவு கொடுத்து மீட்பது என்று தெரிய வேண்டியிருந்தது. அதற்காக இவர்கள் தாமாக முன்வந்து அரைப்பட்டினி கிடந்தார்கள். 24 வாரங்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,570 கலோரி. ரொட்டி, உருளைக்கிழங்கு, டர்னிப், முட்டைக்கோஸ், மக்ரோனி. வாரம் 35 கிலோமீட்டர் நடை.

அந்த 1,570 கலோரி என்ற எண்ணைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இன்று நம் ஊரில் பத்திரிகையில் அச்சாகும் பல ‘டயட் சார்ட்’களில் இருப்பது இதைவிடக் குறைவு. அந்த இளைஞர்கள் உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கை இழந்தார்கள். ஓய்வில் இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் சுமார் 40 சதவீதம் இறங்கியது. எப்போதும் குளிர் எடுத்தது. எரிச்சலும் சோர்வும் வந்தன. தட்டை நாக்கால் நக்கினார்கள். சமையல் புத்தகங்களைச் சேகரித்து, கதைப் புத்தகம் போல உட்கார்ந்து படித்தார்கள். சோதனை முடிந்து வேண்டிய அளவு உணவு கிடைத்தபோது வயிறு நிறைந்த பிறகும் பசி அடங்கவில்லை. பலருக்கு உடல் கொழுப்பு பழைய அளவையும் தாண்டிச் சென்றது. இவர்கள் கொள்கைக்காகச் சிறைக்குப் போகவும் தயாராக இருந்த மனிதர்கள். அவர்களுக்கு மன உறுதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இதன் உள்ளே நடப்பது என்ன என்பது பிறகுதான் துலங்கியது. கொழுப்புத் திசுவே ஒரு ஹார்மோனைச் சுரந்து, சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதை 1994இல் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு கண்டது. அதன் பெயர் லெப்டின். எடை குறைந்தால் லெப்டின் குறையும். பஞ்சம் வந்துவிட்டது என்று மூளை எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டும், செலவைச் சுருக்கும். இது ஒரு வாரம், ஒரு மாதத்தில் சரியாகிவிடுவதில்லை. 2011இல் மெல்பர்னில் நடந்த ஆய்வில் 50 பேர் பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் சராசரியாகப் பதின்மூன்றரை கிலோ குறைத்தார்கள். ஓராண்டு கழித்தும் அவர்களின் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பசியும் முன்பைவிட அதிகமாகவே இருந்தது. ஆறு மாதத்தில் இருபது கிலோ குறைத்துவிட்டு, அடுத்த வருடம் அத்தனையும் ஏறியதற்காகக் கல்யாண வீடுகளில் முகத்தை மறைக்கிற பெண்களுக்கு இந்த ஒரு செய்தியையாவது மருத்துவர்கள் சொல்லியிருக்க வேண்டும்.

உடல் இப்படி எதிர்த்து நிற்பதால்தான் அதை வெல்லும் ஒரு மாத்திரையை மருத்துவம் நூறு ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தது. அந்தத் தேடலின் வரலாறு நல்ல வரலாறு இல்லை. முதல் உலகப் போரில் பிரான்சின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள் டைநைட்ரோபினால் என்ற ரசாயனத்தால் மெலிந்து வியர்த்துக் கொட்டியதைக் கண்டார்கள். 1933இல் ஸ்டான்ஃபோர்டில் மாரிஸ் டெய்ன்டர் குழு அதை எடை குறைப்பு மருந்தாக அறிவித்தது. மருந்துச் சீட்டே இல்லாமல் ஆயிரக்கணக்கானோர் வாங்கிச் சாப்பிட்டார்கள். செல்லுக்குள் எரியும் ஆற்றல் வெறும் வெப்பமாகப் போய்விடச் செய்யும் மருந்து அது. சிலர் உடல் சூடேறி இறந்தார்கள், சில இளம்பெண்களுக்குக் கண்புரை விழுந்தது. 1938இல் அமெரிக்கச் சட்டம் மாறியதும் அது ஒழிந்தது. பிறகு ஆம்பெடமின் காலம். 1990களில் ஃபென்ஃபுளுரமினும் ஃபென்டெர்மினும் சேர்ந்த ‘ஃபென்-ஃபென்’ கூட்டு. 121 பேரிடம் நடந்த ஓர் ஆய்வை நம்பி, 1996இல் மட்டும் அமெரிக்காவில் ஒரு கோடியே எண்பது லட்சம் சீட்டுகள் எழுதப்பட்டன. அடுத்த ஆண்டு ஜூலையில் மேயோ கிளினிக் மருத்துவர்கள் இதய வால்வு கெட்டுப்போன 24 பெண்களைப் பற்றி எழுதினார்கள். செப்டம்பரில் ஃபென்ஃபுளுரமின் சந்தையை விட்டுப் போனது. மன அழுத்தத்தையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டியதால் ரிமோனபன்ட் 2008இல் ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டியதால் சிபுட்ரமின் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் திரும்பப் பெறப்பட்டது. 2011இல் இந்தியாவும் தடுத்தது. இன்றும் ‘மூலிகை’ என்று விற்கப்படும் எடை குறைப்புப் பொடிகளைப் பல நாட்டு ஆய்வகங்கள் சோதிக்கும்போது உள்ளே சிபுட்ரமின் அகப்படுகிறது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த மருந்துகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் கதை உண்டு. தேவை பெரிதாக இருந்தது, விற்பனை கண்காணிப்பை முந்தியது, தீங்கு தெரிவதற்குள் லட்சக்கணக்கானோர் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். புதிய ஊசிகளைப் பார்க்கும்போதும் இந்தக் கதையை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அதே சமயம் புதியவை பழையவற்றின் இன்னொரு பெயர் மட்டுமே என்று ஒதுக்குவதும் சரியல்ல. இவற்றின் வேர் வேறு.

சாப்பிட்டவுடன் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்கிறது, வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, போதும் என்ற உணர்வை மூளைக்கு அனுப்புகிறது. 1980களில் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜோயல் ஹாபெனரும் ஸ்வெத்லானா மொய்சோவும், கோபன்ஹேகனில் யென்ஸ் ஹோல்ஸ்டும் இதை வெளிக்கொண்டுவந்தார்கள். ஹார்மோனின் செயல்படும் துண்டு எது என்று கணித்து அதை உருவாக்கிக் காட்டியவர் மொய்சோவ். பல ஆண்டுகள் அவர் பெயர் மறைந்தே கிடந்தது. 2024இல்தான் ஹாபெனருடனும், நோவோ நோர்டிஸ்க் நிறுவனத்தின் லோட்டே பியெர் நுட்சனுடனும் லாஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டார். இயற்கையான ஜிஎல்பி-1 ரத்தத்தில் இரண்டு நிமிடங்களில் சிதைந்துவிடும் என்பதுதான் பெரிய தடை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் ஜான் எங், அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் விஷத்தில் அதைப் போன்ற, ஆனால் எளிதில் சிதையாத ஒரு பொருளைக் கண்டெடுத்தார். அதிலிருந்து 2005இல் எக்ஸெனடைடு வந்தது. நுட்சனின் குழு ஹார்மோனோடு ஒரு கொழுப்பு அமிலத்தைப் பிணைத்து, அது ரத்தத்தின் அல்புமின் புரதத்தைப் பற்றிக்கொண்டு நீண்ட நேரம் தங்கும்படி செய்தது. அப்படி முதலில் நாள்தோறும் போடும் லிராகுளுடைடும், பிறகு வாரம் ஒருமுறை போடும் செமாகுளுடைடும் பிறந்தன. ஜிஎல்பி-1 உடன் ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்யும் டிர்செபடைடு, 2,539 பேரிடம் நடந்த ஆய்வில் உச்ச அளவில் 72 வாரத்தில் 20.9 சதவீத எடை இழப்பைக் கொடுத்தது.

எடைக் கணக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2023இல் வந்த இன்னொரு ஆய்வு. சர்க்கரை நோய் இல்லாத, ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த, எடை கூடிய 17,604 பேரிடம் செமாகுளுடைடு மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கையில் 20 சதவீதம் குறைத்தது. சிபுட்ரமின் எதைக் கூட்டியதோ அதை இது குறைத்தது. இதனால்தான் பழைய வரலாற்றோடு இதை ஒரே தட்டில் வைக்க முடியாது.

இனி நம் உடலுக்கு வருவோம். 2004இல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கின், மற்றவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக். எடையை உயரத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றே: 22.3. யட்கினின் உடல் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடல் கொழுப்பு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரிந்தாலும் உள்ளே கொழுப்பு மிகுந்தும் தசை குறைந்தும் இருக்கும் இந்த வாகு தெற்காசியர்களிடம் பரவலானது. அதனால்தான் இங்கே பிஎம்ஐ 23ஐத் தாண்டினால் எடை கூடுதல், 25ஐத் தாண்டினால் பருமன் என்று கொள்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நாடு முழுவதும் 1,13,043 பேரிடம் நடத்திய ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு 2023இல் வெளியானது. அதில் பிஎம்ஐ அளவில் பருமன் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம். எடைக் கருவி காட்டாததை அளவு நாடா காட்டுகிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், சேலைக் கட்டுக்கோ பேன்ட் பெல்ட்டுக்கோ மேலே வைக்காமல் தோலில் படும்படி நாடாவைச் சுற்ற வேண்டும். ஒரு நிமிட வேலை. பெரும்பாலான புறநோயாளிப் பிரிவுகளில் அந்த ஒரு நிமிடம் ஒதுக்கப்படுவதில்லை.

இந்த ஊசிகளை நம்மவர்கள் போட்டுக்கொள்ளும்போது வருகிற சிக்கல் இந்த வாகில்தான் இருக்கிறது. எடை குறைகிறது என்றால் எது குறைகிறது? செமாகுளுடைடின் முதல் ஆய்வில் சிலருக்கு உடல் அமைப்பை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். இழந்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கொழுப்பல்லாத திசு. டிர்செபடைடு ஆய்வில் அது சுமார் கால் பங்கு. கொழுப்பல்லாத திசு அத்தனையும் தசை அல்ல, நீரும் உறுப்புகளும் அதில் அடக்கம். என்றாலும் தசை கணிசமாகப் போகிறது. ஏற்கெனவே தசை குறைவாக உள்ள அறுபது வயதுப் பெண்ணுக்கு இது எழுந்து நடப்பதையும், கீழே விழாமல் இருப்பதையும் பொறுத்த விஷயம். ஊசியை நிறுத்தி எடை திரும்பும்போது வருவதில் பெரும்பகுதி கொழுப்பு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஆறு மாதம் போட்டு, விட்டு, மறுபடி போடுவது எவ்வளவு கெடுதல் என்பது விளங்கும்.

நம் சாப்பாட்டுத் தட்டு இதை இன்னும் மோசமாக்குகிறது. இண்டியாப் குழுவின் 2025 உணவு ஆய்வின்படி இந்தியர்கள் பெறும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து. புரதம் 12 சதவீதம்தான். இட்லி, தோசை, மதியம் சாதம், இரவில் மறுபடி தோசை என்று போகிற வீட்டில் ஊசி போட்டவர் பாதி சாப்பிட ஆரம்பித்தால் என்ன ஆகும்? குமட்டல் இருக்கும்போது வாய்க்குப் பிடிப்பது ரசம் சாதமும் மோர் சாதமும்தான். முட்டை, மீன், பயறு, சுண்டல் எல்லாம் முதலில் தட்டை விட்டுப் போகின்றன. முன்பே குறைவாக இருந்த புரதம் இன்னும் பாதியாகிறது. அதனால் ஊசி எழுதிக் கொடுக்கிற அன்றே, எந்த வேளை எவ்வளவு புரதம், வாரம் எத்தனை நாள் எடை தூக்கும் பயிற்சி என்பதையும் எழுதிக் கொடுக்காத சீட்டை நான் அரைகுறைச் சீட்டு என்றுதான் சொல்வேன்.

மருத்துவக் கண்காணிப்பில் எடை குறைப்பு என்றால் நடைமுறையில் என்ன? முறையாக நடக்கும் ஒரு மையத்தில் முதல் சந்திப்பு முக்கால் மணி நேரமாவது எடுக்கும். தைராய்டு சுரப்புக் குறை, சினைப்பை நீர்க்கட்டி, குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் திணறலும், மன அழுத்த மாத்திரை, ஸ்டீராய்டு என்று எடையை ஏற்றும் காரணம் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வீட்டில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் வந்ததா என்பது கட்டாயக் கேள்வி. வந்திருந்தால் இந்த ஊசி கூடாது. முன்பு கணைய அழற்சி வந்ததா, பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று கேட்பார்கள். குழந்தைக்குத் திட்டமிடும் பெண் என்றால் செமாகுளுடைடைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு தொடங்கும்போதும் அளவு கூட்டும்போதும் கருத்தடை மாத்திரையின் வேலை குறையலாம் என்பதால் வேறு வழியும் சேர்க்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கப்போகும் மருத்துவரிடம் ஊசி போடுவதைச் சொல்லியாக வேண்டும். வயிற்றில் தங்கிய உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து உண்டு. மிக அரிதாக, பத்தாயிரத்தில் ஒருவர் வரை, பார்வை நரம்புக்கு ரத்தம் தடைபடலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் எச்சரித்தது. திடீரென்று பார்வை மங்கினால் ஊசியை நிறுத்திவிட்டு ஓட வேண்டும்.

இங்கே அதிகம் பார்க்க வேண்டிய ஆபத்து வேறு. தமிழ்நாட்டில் சர்க்கரைக்குப் பலர் சாப்பிடும் மாத்திரை கிளிமிபிரைடு. அதையோ இன்சுலினையோ பழைய அளவிலேயே வைத்துக்கொண்டு ஊசியும் போட்டு, சாப்பாடும் பாதியானால் ‘லோ சுகர்’ வரும். வியர்த்து, கை நடுங்கி, பேருந்தில் மயங்கி விழுகிறவருக்கு அது ஊசியால் வந்தது என்று தெரியாமலே போகலாம். முதல் வாரமே மாத்திரையைக் குறைக்க வேண்டியவர் மருத்துவர். எடை குறையக் குறைய ரத்த அழுத்த மாத்திரையையும் குறைக்க வேண்டியிருக்கும். செமாகுளுடைடை 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை 0.5, 1, 1.7 என்று ஏற்றி, பதினாறு வாரம் கழித்துத்தான் 2.4க்குக் கொண்டுபோவார்கள். வாந்தியும் மலச்சிக்கலும் தாங்கக்கூடிய அளவில் இருக்க அந்தப் பொறுமைதான் வழி. ‘சீக்கிரம் குறையணும்’ என்று இரண்டாம் மாதமே உச்ச அளவுக்குத் தாவுகிறவர்கள்தான் உடலில் நீர் வற்றி மருத்துவமனையில் சேருகிறார்கள்.

ஊசி இல்லாமலும் கண்காணிப்பால் எவ்வளவு முடியும் என்பதற்கு ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் நடந்த டைரக்ட் ஆய்வு நல்ல சான்று. மைக் லீனும் ராய் டெய்லரும் நடத்தியது. சாதாரண ஆரம்பநிலை மருத்துவ மையங்களில், செவிலியரும் உணவியல் நிபுணரும் வழிநடத்த, சர்க்கரை நோயாளிகள் முதல் நாளே சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்திவிட்டு, மூன்று முதல் ஐந்து மாதம் ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி அளவுள்ள சூப்பும் பானமும் மட்டும் குடித்தார்கள். பிறகு படிப்படியாக உணவு. ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் மாத்திரை இல்லாமலே தணிந்திருந்தது. 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு. இதை ஒரு செய்தித்தாளில் படித்துவிட்டு வீட்டில் செய்யக் கூடாது. மாத்திரையை நிறுத்துவதும் மறுபடி தொடங்குவதும் அதில் மருத்துவரின் பொறுப்பு.

சென்னைக்கும் இதில் பெருமைப்படத்தக்க இடம் உண்டு. ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நடையும் உணவு மாற்றமும் மட்டுமே சர்க்கரை நோய் வருவதை 28.5 சதவீதம் குறைத்தன. எடை பெரிதாகக் குறையாமலே கிடைத்த பலன் அது. எடைக் கருவியின் முள்ளையே தெய்வமாகப் பார்க்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். 2016இல் வந்த டி-கிளிப் ஆய்வும் சென்னையில் நடந்தது: 578 பேர், வாராவாரம் குழு வகுப்பு, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் படிப்படியாக மெட்ஃபார்மின். மூன்றாண்டில் சர்க்கரை நோய் வருவது 32 சதவீதம் குறைந்தது. முதலில் வகுப்பு, அதன் பிறகே மருந்து என்ற அந்த வரிசையை இன்றைய ஊசிக் காலத்துக்கும் நான் பொருத்திப் பார்க்கிறேன்.

அறுவை சிகிச்சை பற்றிச் சுருக்கமாக. மிகப் பருத்தவர்களுக்கு அது இன்னும் வலுவான சிகிச்சை. 1987இல் தொடங்கி 4,047 பேரைத் தொடர்ந்த ஸ்வீடன் ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களிடம் மரணம் குறைந்தது. ஆனால் வாழ்நாள் முழுக்க பி12, இரும்பு, கால்சியம் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். அதற்கான ஏற்பாடு இல்லாத இடத்தில் செய்துகொள்ளக் கூடாது. ஆர்லிஸ்டாட் மாத்திரை உணவுக் கொழுப்பில் சுமார் 30 சதவீதத்தைச் செரிக்காமல் வெளியேற்றும். எடையில் கிடைக்கும் லாபம் சிறிது, எண்ணெய்க் கழிச்சலால் பலர் விட்டுவிடுகிறார்கள்.

மறுபடி முதல் கேள்விக்கே வருகிறோம்: எத்தனை காலம் போடுவது? இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2023இல் செமாகுளுடைடை அரசு மருத்துவத்தில் அனுமதித்தபோது, சிறப்பு எடை மேலாண்மை மையத்தின் வழியாகத்தான், அதுவும் அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள்தான் என்றது. தெற்காசியர்களுக்கு பிஎம்ஐ எல்லையை 2.5 குறைத்தது, லண்டனில் உள்ள தமிழர்களுக்கும் அது பொருந்தும். அந்தச் சலுகை சரி. இரண்டு ஆண்டு வரம்பை என்னால் ஏற்க முடியவில்லை. நிறுத்தினால் திரும்பும் என்று தெரிந்த நோய்க்கு, ரத்த அழுத்த மாத்திரைக்கு விதிக்காத காலக்கெடுவை விதிப்பது மருத்துவ முடிவு அல்ல, நிதி முடிவு. 2024 டிசம்பரில் டிர்செபடைடுக்கு அந்த வரம்பு போடப்படவில்லை. பதிலாக, பன்னிரண்டு ஆண்டுகளில் படிப்படியாக விரிப்பது, மிக மோசமான நிலையில் உள்ளவர்களுக்கு முதலில் என்று முடிவானது. பணம் குறைவு என்றால் இப்படி வரிசை வைப்பது நேர்மையான வழி.

இந்தியாவில் வரிசையைத் தீர்மானிப்பது பர்ஸ்தான். 2025 மார்ச்சில் டிர்செபடைடு வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி ஒன்று 3,500 ரூபாய், மாதம் நான்கு. ஜூனில் வெகோவி என்ற பெயரில் வந்த செமாகுளுடைடின் தொடக்க அளவுகளுக்கு மாதம் 17,345 ரூபாய். நவம்பரில் 37 சதவீதம் வரை குறைத்தார்கள். காப்புரிமை முடிந்த பிறகு விலை இன்னும் கீழே வரும். வருவது நல்லதே. ரத்த அழுத்தத்துக்கும் மூட்டுக்கும் தூக்கத்துக்கும் எடை குறைய வேண்டிய ஓர் அங்கன்வாடி ஊழியருக்கு இந்த மருந்து எட்டக் கூடாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களோடு இல்லை. என் பயம் வேறு. விலை இறங்கும் வேகத்தில் கண்காணிப்பு ஏறவில்லை. ஆன்டிபயாட்டிக்கையே சீட்டில்லாமல் கொடுக்கும் கடைகள் உள்ள ஊரில் இந்த ஊசியும் அப்படித்தான் போகும். எடை குறைப்புக்கான இந்திய அனுமதி பிஎம்ஐ 30க்கு மேல், அல்லது 27க்கு மேலிருந்து கூடவே நோயும் உள்ளவர்களுக்கு. கல்யாணத்துக்கு முன் ஆறு கிலோ குறைக்க நினைக்கும் பெண்ணுக்கு அல்ல. அதே சமயம், பிஎம்ஐ 26இல் பெருத்த வயிறும், ஈரலில் கொழுப்பும் உள்ள நம்மூர் ஆண் அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறார். மேற்கத்திய எல்லைக்கோடு இரண்டு பக்கமும் தவறாகப் போகிறது. மருத்துவர் தன் அறிவைப் பயன்படுத்த வேண்டிய இடம் அது.

உலகச் சுகாதார அமைப்பு 2025 டிசம்பரில் இந்த மருந்துகளுக்கு முதல் வழிகாட்டுதலை வெளியிட்டபோது, பெரியவர்களுக்கு நீண்டகாலம் கொடுக்கலாம் என்றது, நிபந்தனையுடன். நீண்டகாலத் தரவு போதாது, செலவு அதிகம், நாடுகளின் மருத்துவ அமைப்பு தயாராக இல்லை என்பவை காரணங்கள். உணவு, உடற்பயிற்சி, நடத்தை மாற்றத்துக்கான தீவிர ஆலோசனையையும் உடன் சேர்க்கச் சொன்னது. தமிழ்நாடு இதில் மற்ற மாநிலங்களைவிட முன்னே தொடங்க முடியும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. வீட்டுக்கு வரும் தன்னார்வலர் எடையோடு இடுப்புச் சுற்றளவையும் எழுதலாம். நாற்காலியில் இருந்து கையூன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி, எத்தனை வினாடி என்று குறித்தால் கால் தசையின் வலு தெரியும். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். அரசு மருத்துவமனையில் ஊசி கொடுக்கத் தொடங்கினால், அந்த எண் மாதாமாதம் எடை எண்ணுக்குப் பக்கத்தில் எழுதப்பட வேண்டும். எடை இறங்கி, எழுந்து உட்காரும் வேகமும் இறங்கினால் அளவை நிறுத்திவைத்துப் புரதத்தையும் பயிற்சியையும் சரிசெய்ய வேண்டும். இதற்கு ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் ஓர் உணவியல் நிபுணரும், ஊசி தொடங்கியவர் வராமல் போனால் தொலைபேசியில் அழைக்கும் ஒரு செவிலியரும் வேண்டும். மருந்துக்கான டெண்டரை விடும் அதே ஆணையில் இந்தப் பணியிடங்களும் இருக்க வேண்டும்.